வாய்க்காலுக்கு மேளம் பிடித்த பிக்கப்

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் வேறு யாராவது தான் செய்ததாகச் சொல்லிவிடுவார்கள். அந்த அனுபவம் எனக்கு உண்டு.

தண்ணீர் வராது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன். இன்றைக்கும் அயலவர்கள் அதில்தான் அள்ளுகிறார்கள். பெற்றோலும் டீசலும் கிடைக்காத காலத்தில், கைவிட்ட வள்ளத்து இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நெல் குற்றும் ஆலை ஓட்டினேன். வாய்க்காலுக்குக் குறுக்கே பனங்குற்றி அடுக்கி, உழவு இயந்திரம் ஏறிப் போகிற பாலம் போட்டேன். என் வீட்டை இரண்டு தரம் கட்டினேன். இரண்டாந்தரம் கட்டியபோது முதல் வீட்டின் கல்லையே பொறுக்கிக் கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இதை எழுதும்போது எழுத்துப்பிழை பார்த்தவள் என் மருமகள். மற்றதெல்லாம் என்னுடையது.

கிணற்றை மறக்கட்டும், பாலத்தை மறக்கட்டும். நான் பேசமாட்டேன். ஆனால் என் பிக்கப்பில் நான் செய்த ஒலிபெருக்கி வேலையை மறந்தால் பேசுவேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து எத்தனை தரம் எழும்பி முற்றத்தைச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஓரிடத்தில் இருக்கிற உடம்பு இல்லை இது.

அந்தப் பிக்கப் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த அரைத்தொன் வண்டி. உப்பளம் ஒன்றில் உப்புக்காற்று தின்று, இரும்புக்கு நிறுத்துப் போட வைத்திருந்ததை நான் வாங்கினேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினேன். அது போன பாதையில் புகை அடங்கும்வரை எதிரே ஆள் தெரியாது. ஆனால் ஓடியது.

போரின் கடைசி இடப்பெயர்வில் அதைக் கொண்டுபோக முடியவில்லை. சனத்தையும் சாமானையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். புறப்பட முன் நான் கார்பரேட்டரையும் டைனமோவையும் கழற்றி, கிரீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, வேப்பமரத்தடியில் தாட்டேன். முகாம் வாழ்க்கை முடிந்து திரும்பி வந்தபோது, மிதிவெடி அகற்றித் தந்த காணிகளுக்குள் எல்லாரும் தாட்டுவைத்த நகையையும் பித்தளைப் பானையையும் தோண்டினார்கள். நான் கார்பரேட்டரைத் தோண்டினேன்.

“சனம் பவுணைத் தோண்டுது, இந்த மனுசன் பழைய இரும்பைத் தோண்டுறார்” என்று என் மனைவி அயலுக்குக் கேட்கச் சொன்னாள்.

பிக்கப், விழுந்த கொட்டிலின் கூரைக்குக் கீழே கிடந்தது. கூரை விழுந்து மூடியதால்தான் தப்பியது. ரயர்கள் இல்லை, கண்ணாடி இல்லை. மிச்சம் எல்லாம் இருந்தது. அந்த வருசத்து மழைக்கு முன்னர் அதை ஓடவைத்தேன்.

ஓடவைத்ததற்கு ஒரு காரணம் சத்தம். முகாமில் விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி கத்தும். சோற்றுக்கு வா, தண்ணீருக்கு வா, பெயர் பதிய வா. அதைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் ஊருக்கு வந்து தகரக் கொட்டில் போட்டு இருந்த பிறகு, அந்த அமைதி எனக்கு ஒத்துவரவில்லை. கரண்ட் இல்லை. கோயிலுக்குக் கூரை இல்லை. குரைக்க நாய்கூட இல்லை. காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. கொட்டிலுக்குள் இருந்தால் வெளியே போகவேண்டும்போல இருக்கும். வெளியே வந்தால் வாய்க்கால்வரை நடந்துவிட்டு வரவேண்டும். வந்ததும் திரும்ப நடக்கவேண்டும். பிக்கப்பில் ஒரு பழைய றேடியோ இருந்தது. அதன் ஸ்பீக்கர்க் கூம்பை எலி தின்றிருந்தது. சீமெந்துப் பைக் கடதாசியை வெட்டிச் சோற்றால் ஒட்டினேன். மூக்கடைத்தவர் பாடுவதுபோலப் பாடியது. அதைப் போட்டுவிட்டுத்தான் எனக்குக் கை வேலை ஓடும்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவ புருசனை இழந்தவ. எங்கள் ஊரின் வயல்களுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் கடைசியில் அவவின் வயலும் கொட்டிலும். அதற்கப்பால் பற்றைக்காடு. வயதில் என்னைவிட மூத்தவ, வாயிலும்தான். கொட்டில் வாசலில் ஒரு கறுப்புப் பை எப்போதும் தொங்கும். உடுப்பு, அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து, ஒரு போத்தல். ஊரில் அப்போது எல்லாருடைய வாசலிலும் அப்படி ஒரு பை இருந்தது. ஆனால் மற்றவர்கள் கொஞ்சங்கொஞ்சமாகப் பையிலிருந்து சாமானை எடுத்துத் தட்டில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா ஒரு சீப்பைக்கூட வெளியே வைக்கமாட்டா. தலை வாரினால் திரும்பப் பைக்குள் போடுவா.

திரும்பி வந்த பிறகு முதல் காலபோகம், மழைக்கால நெல்விதைப்பு. குளத்து மதகுகளான துருசுகள் உடைந்து, மண்மூட்டையால் அடைத்திருந்தார்கள். அதனால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். எப்போது திறப்பார்கள் என்று முதல் நாள்கூடத் தெரியாது. திறக்கிற அன்று காலையில்தான் செய்தி வரும். அந்த நேரம் தன் வயலின் வாய்மடையில் மண்வெட்டியோடு நிற்காதவனுக்குத் தண்ணீர் இல்லை. மேலே இருப்பவன் தன் மடையை அடைக்க மறந்துவிடுவான், அது மனித சுபாவம். கடைவாய்க்கால்காரருக்கு எப்போதும் மிச்சந்தான். கைத்தொலைபேசி வைத்திருந்த சிலருக்கும் சிக்னல் எடுக்கக் குளக்கட்டில் ஏறவேண்டும். விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பு ஒருவரைச் சைக்கிளில் அனுப்பிச் செய்தி சொல்லுவித்தது. முதல் முறையில் அவரின் சைக்கிள் ரயர் வழியில் காற்றுப் போய், அவர் அக்காவின் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது துருசைப் பூட்டிவிட்டார்கள். அக்காவின் வயல் வெடித்தது. வெடிப்புக்குள் கை போகும்.

அக்கா அழவில்லை. வயலைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னா: “இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் வவுனியாவில மகளிட்டப் போறன் தம்பி. பை கட்டித்தான் இருக்கு.”

அவ போனால் அந்தக் காணி காடாகும். அவவைப் பார்த்துப் பக்கத்துக் கொட்டில்காரர்களும் போவார்கள். கடைவாய்க்கால் குடியிருப்பே கலையும். இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. சைக்கிளில் போய்ச் சொல்லுகிற ஊர் இல்லை இது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, வாய்க்கால் பாதை முழுவதும் ஓடி, கடைசிக் கொட்டில்வரை கேட்கச் சொல்லவேண்டும். வண்டி என்னிடந்தான் இருந்தது.

மறுநாளே பாலத்தைத் தாண்டி மன்னாருக்குப் போய், அங்கிருந்து எருக்கலம்பிட்டிக்குப் போனேன். அங்கே புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார். புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். ஊருக்கு வரும்போது சாமான்களையும் லொறியில் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கரும், பற்றறியில் வேலை செய்கிற ஒரு அம்பிளிபயரும் மைக்கும் தந்தார். அம்பிளிபயரில் எதிரொலிக்கு ஒரு திருகி இருந்தது. அதைத் திருகினால் ஒரு சொல் போய் மூன்று சொல்லாகத் திரும்பி வரும். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. நானா சிரித்துக்கொண்டே, “அண்ணன், அதக் கூட்டினா குரலுக்குத்தான் அழகு, பேச்சுக்கு இல்ல” என்றார். அவர் சொன்னதை இங்கே நான் மறைக்கவில்லை. அவருடைய பங்கு அவருக்கு.

பூட்டுகிற வேலை லேசாக முடியவில்லை. இப்போதைய வண்டிகளில் பற்றறியின் நெகட்டிவ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். என் பிக்கப் பழைய இங்கிலாந்து வண்டி, அதில் தலைகீழ், உடம்புதான் பொசிட்டிவ். அம்பிளிபயரை இருக்கைக்குப் பின்னால் இரும்போடு இரும்பாக வைத்து முறுக்கி, வயரைத் தொட்டதும் பொறி பறந்தது. பியூஸ் போனது. நல்ல காலம், அம்பிளிபயர் தப்பியது. வேறு ஆளென்றால் ஒரு பலகைத் துண்டைக் கீழே வைத்துச் சமாளித்திருப்பான். நான் வண்டியையே திருத்தினேன். பற்றறியைத் திருப்பி வைத்தேன். கொயில் வயர்களை இடம் மாற்றினேன். டைனமோவுக்கு ஒரு கணம் மறுபக்கமாகக் கரண்டைக் காட்டி அதன் புத்தியையும் மாற்றினேன். பழைய றேடியோ மட்டும் அந்த மாற்றத்துக்கு ஒத்துவராது என்பதால் கழற்றி வைத்தேன். அதைக் கழற்றிய அன்று கொஞ்சம் கவலைதான்.

இவ்வளவும் செய்த பிறகுதான் அடுத்த கரைச்சல். அறிவித்தல் சொல்லுகிற வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகவேண்டும். அந்த வேகத்தில் டைனமோ பற்றறிக்கு ஒன்றும் கொடுக்காது. நான் ஒழுங்கையால் ஒரு தரம் பரீட்சித்துப் பார்த்துத் திரும்புவதற்குள் குரல் இழுத்து, ஸ்பீக்கர் செத்து, எஞ்சினும் செத்துவிட்டது. வண்டியைத் தள்ளி வந்தவர்கள், “அறிவிப்பு முடிஞ்சுதோ அண்ணை, இனி வண்டிக்குத்தான் மரண அறிவித்தல் சொல்லவேணும்” என்றார்கள்.

அதற்கும் மன்னாரில் பழைய இரும்புக் கடைகளைப் புரட்டி, மெதுவாக ஓடினாலும் கரண்ட் தருகிற ஓல்டனேற்றரை நொறுங்கிய வான் ஒன்றில் கண்டுபிடித்தேன். டைனமோ இருந்த இடத்தில் அது இருக்காது. முகாமிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கட்டிலின் காலை அறுத்துத் தாங்கி செய்தேன். கட்டில் காலுக்குப் பதில் கல் வைத்தேன். மனைவி சரிந்த கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. ஓல்டனேற்றர் சுழன்றது, பற்றறி நிறைந்தது, ஆனால் ஹோர்னுக்குள் சுண்டெலி கத்துவதுபோல ஒரு கீச்சு. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க எலியும் பெரிதாகக் கத்தியது. பற்றறியிலிருந்து தனியே தடித்த வயர் இழுத்து, ஒரு கொண்டென்சரும் போட்டு, அதையும் அடக்கினேன். சாப்பாட்டுக்குக்கூட நான் இருக்கவில்லை. நின்றபடி சாப்பிட்டுவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுப்பேன். நெல் வளர்ந்துகொண்டிருந்தது, அடுத்த முறை வந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஸ்பீக்கர் கட்டி ஓடுவதென்றால் படைமுகாமில் சொல்லவேண்டும். அங்கே இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. நான் ஸ்பீக்கரைக் காட்டி, “மாத்தயா, வத்துர, வத்துர” என்று தண்ணீருக்கான சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்குத் தாகம் என்று நினைத்து ஒரு சிப்பாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அதைக் குடித்துவிட்டு, வாய்க்கால் பக்கம் கையைக் காட்டித் திரும்பச் சொன்னேன். அதிகாரி சிரித்து, “ஹரி, ஹரி”, சரி சரி என்று அனுப்பிவிட்டார். அனுமதி வாங்கியதும் நானே.

தண்ணீர் திறந்த காலை வந்தது. செய்தி கிடைத்ததும் பிக்கப்பை எடுத்தேன். மைக்கைப் பிடித்து, எதிரொலித் திருகியை முழுதாகக் கூட்டினேன். “அன்பான கமக்காரப் பெருமக்களே, துருசு திறந்தாச்சு, எல்லாரும் உடனடியாக வெளிக்கிட்டு வாங்கோ.” இதைத்தான் சொன்னேன். மேல்வாய்க்காலில் ஒரு குழப்பமும் இல்லை, ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். கீழே போகப் போக, வயல்வெளிக் காற்றில் என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல்போலப் பெரிதாகக் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைவாய்க்காலுக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கும்போதே அங்கே கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

கேட்டதுதான். இரண்டாவது வளைவால் திரும்பியபோது, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. ஒருவர் கையிலும் மண்வெட்டி இல்லை. பை இருந்தது. சைக்கிளில் சட்டிபானையைக் கட்டியிருந்தார்கள். ஒரு கொட்டிலின் தறப்பாள் விரிப்பைப் பாதி கழற்றிவிட்டார்கள். கோழிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். யாரும் அழவில்லை, ஓடவில்லை, கதைக்கவில்லை. வரிசையாக, பழகினபடி, வண்டிக்கு வழிவிட்டு நின்றார்கள். பிக்கப்பின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாய். அது மெதுவாக வருகிறது. எதிரொலியில் சொல் விளங்காத பெரிய குரல் ஒன்று முன்னே வருகிறது. இதற்கு என்ன பொருள் என்று எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாங்கள் முன்பு ஒவ்வொரு தரம் வெளிக்கிட்டதும் அப்படி ஒரு குரல் வந்த பிறகுதான்.

நான் பிரேக் போட்டேன். அக்கா கூட்டத்திலிருந்து வந்தா. செருப்புப் போட்டு, சேலையை இழுத்துச் செருகியிருந்தா. பசுவின் கயிற்றை அறுத்துவிட்டு, கன்றையும் அதன் பின்னால் துரத்திவிட்டிருந்தா. கறுப்புப் பையைப் பிக்கப் பெட்டிக்குள் வைத்தா. பின்பலகையைப் பிடித்து ஏறி, ஓரத்தில் இருந்துகொண்டு கேட்டா:

“இந்தமுறை எங்கயாம் தம்பி?”

மைக் கையில் திறந்தபடி இருந்தது. என் மூச்சு இரண்டு ஹோர்னிலும் கேட்டது.

“ஒரு இடமும் இல்லை அக்கா. தண்ணி வருது. இறங்குங்கோ.”

அவ இறங்கவில்லை. “தண்ணி வருதெண்டு சொல்லவோ இந்தக் குரல்?” என்றா. பிறகு பசு போன பக்கத்தைப் பார்த்துவிட்டு, “உன்ர சத்தத்துக்கு ஷெல்லுப் பரவாயில்லையடா. அது வந்தால் பங்கருக்குள்ள இருக்கலாம்” என்றா.

ஒரு சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு எல்லாரும் கோழி பிடிக்கவும், ஆடு தேடவும், தறப்பாள் கட்டவும் போனார்கள். தண்ணீர் வந்தது. மடையில் நிற்க ஆள் இல்லை. நான் அக்காவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவவின் மடையில் இறங்கி நின்றேன். முழங்கால் சேற்றில் நின்று அவவின் வயலை நனைத்தேன். பக்கத்து வயல்களுக்கு ஓடி ஓடி என்னால் முடிந்ததைத் திருப்பினேன். மிச்சத் தண்ணீர் பற்றைக்காட்டுக்குள் போய்விட்டது. பசுவை மாலையில் குளத்துத் தாழ்வில் கண்டுபிடித்தார்கள்.

அமைப்பின் தலைவர் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெதுவாகத்தான் பேசுவார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “அண்ணை, உங்கட உதவி போதும். இனிச் சைக்கிள்தான்” என்றார். என் குரலால்தான் தண்ணீர் வீணானது என்று ஒருவர் சொன்னார். சைக்கிளின் ரயர் காற்றுப் போனதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்த முறை கதிர் வயிற்றுக்குள் இருக்கிற குடலைப் பருவத்தில் வரும். அந்தத் தண்ணீர் பிழைத்தால் முழுப் பயிரும் பதர். அக்கா வவுனியாவுக்குப் போகிற பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தா.

நான் சும்மா இருக்கவில்லை. எருக்கலம்பிட்டிக்குத் திரும்பப் போய் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

“எங்களுக்கும் ஸ்பீக்கர்லதான் சொன்னாங்க அண்ணன், ஊரை விட்டுப் போகச் சொல்லி” என்றார். “புத்தளத்தில நான் ஸ்பீக்கர் ஏவாரம் செஞ்ச காலம் பூரா, ஒரு வண்டி மெதுவா வந்து குழாய் சத்தம் கேட்டா, எங்க உம்மா செருப்பத் தேடுவா. மௌத்தாகிற வரைக்கும் தேடினா. பெத்த மகன்ட ஸ்பீக்கர்தான் எண்டு சொன்னாலும் தேடுவா.”

அவர் கீழே வைத்த வயரை நான் எடுத்துச் சுருட்டினேன். பிறகு தேநீர் வந்தது.

ஊருக்குத் திரும்பி வருகிற வழி முழுவதும் எனக்கு ஒரே யோசனை. குரலுக்கு முன்னால் வேறு ஒன்று போகவேண்டும். இது அந்தக் குரல் இல்லை என்று சனத்துக்கு முதலில் தெரியவேண்டும். பாட்டுப் போடலாமா? பாட்டுப் போட்டுக்கொண்டு சண்டைக்கு ஆள் சேர்க்க வந்த வண்டிகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மணி அடிக்கலாமா? ஆபத்துக்கும் மணிதான் அடித்தார்கள். சங்கு செத்த வீட்டுக்கு. வழியில் உயிலங்குளத்தில் ரயருக்குக் காற்றடிக்க நிறுத்தியபோது என் தலையில் அது வந்தது. நாதஸ்வரமும் தவிலும். மேளம் அடித்து யாரும் எங்களைத் துரத்தியது இல்லை. கலியாணத்துக்கும் கோயிலுக்கும் தவிர அந்தச் சத்தம் எங்கள் காதுக்குள் வந்ததே இல்லை. இது யாரும் எனக்குச் சொல்லித்தந்தது இல்லை. நானாவிடம் கேளுங்கள், அவரும் அப்படித்தான் சொல்லுவார்.

ஆனால் ஹோர்னில் மேளத்தைப் போட்டால் காகம் கத்துவதுபோல இருக்கும். தவிலின் அடி கேட்காது, தகரம் தட்டுவதுதான் கேட்கும். அதற்குப் பெட்டி ஸ்பீக்கர் வேண்டும். நானாவிடம் இரண்டு பெரிய பெட்டி வாங்கி வந்து பிக்கப் பெட்டிக்குள் பூட்டினேன். பாதையின் குலுக்கலில் அவை உள்ளே கலகலத்தன. உள்ளே தும்பும் சாக்கும் அடைத்தேன். கீழே பழைய ரயர் ரியூப் வெட்டிப் போட்டேன். அம்பிளிபயரையும் அவற்றின் பக்கத்துக்கு மாற்றி, மழைக்கு மேலே தறப்பாளால் கூரை போட்டேன். டாஷ்போர்டில் பழைய றேடியோ இருந்த ஓட்டையில், பென் டிரைவ் போட்டால் பாடுகிற சின்னப் பிளேயர் ஒன்றைப் பூட்டினேன். ஓட்டை பெரிது, பிளேயர் சிறிது. இடைவெளிக்குப் பலகை சீவி அடைத்தேன். எதிரொலித் திருகியைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு தக்கையை இறுக்கினேன். யாரும் மறந்தும் கூட்டமுடியாது, நான் உட்பட.

குடலைப் பருவத்துத் தண்ணீர் திறந்த காலை, அமைப்பின் சைக்கிள் ஒரு பக்கம் புறப்பட்டது. நான் யாரிடமும் கேட்காமல் மறுபக்கத்தால் பிக்கப்பை எடுத்தேன். வாயே திறக்கவில்லை. மேளத்தை மட்டும் போட்டேன். தவில் அடி வயல்வெளியில் நெஞ்சுக்குள் இறங்கியது. என்ன சத்தம் என்கிறீர்கள். ஒரு மைல் தள்ளி நின்ற கொக்கு எழும்பியது.

மேல்வாய்க்காலில் ஆட்கள் வரம்பில் ஏறி நின்று பார்த்தார்கள். கிறிஸ்தவர்களான வேதக்காரக் குடும்பங்கள் இருக்கிற திருப்பத்தில் ஒருவர் கையைத் தட்டிக் கேட்டார்: “என்ன அண்ணை, வாய்க்காலுக்குக் கலியாணமோ?”

“ஓம், தாலி கடைவாய்க்காலில. மண்வெட்டியோட வாங்கோ” என்றேன்.

கடைவாய்க்கால் வளைவில் நான் கியரைக் குறைத்தேன். இந்த வளைவால் திரும்பும்போது பையைக் கண்டால் நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பினேன். சனம் ஒழுங்கைக்கு வந்திருந்தது. மண்வெட்டிகள். ஒருவர் வாயில் பல்லுப் பிரஸ். கோழிகள் கூட்டுக்குள். ஒரு பொம்பிளை, மாப்பிள்ளை எங்கே என்று பிக்கப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா. அப்போதுதான் மைக்கை எடுத்து, தண்ணீர் வருகிறது என்று என் சொந்தக் குரலில், சாதாரணமாகச் சொன்னேன்.

அக்கா கடைசியில் வந்தா. ஒரு கையில் மண்வெட்டி, மறுதோளில் கறுப்புப் பை. என்னைப் பார்த்து, “ரெண்டுக்கும் ஆயத்தமா வந்தனான்” என்றா. பையை வரம்பில் வைத்துவிட்டு மடைக்குள் இறங்கினா. தண்ணீர் வந்து அவவின் முழங்காலைத் தொடும்வரை நான் மேளத்தை நிற்பாட்டவில்லை.

அந்தப் போகம் விளைந்தது. அக்கா வவுனியாவுக்குப் போகவில்லை. இன்னொரு முறை மழையில் தறப்பாள் கிழிந்து அம்பிளிபயரில் தண்ணீர் ஒழுகியபோது, அவ தானாகவே அந்தக் கறுப்புப் பையைக் கொண்டுவந்து தந்தா. உள்ளே ஒன்றும் இல்லை. “இதால மூடு. நல்ல பை, தண்ணி போகாது” என்றா. அந்தப் பை இன்றைக்கும் என் அம்பிளிபயரின் உறையாக இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

அதன் பிறகு ஊரில் தண்ணீர் திறந்தால் மேளம் என்று ஆனது. பிக்கப்புக்கு வயது போய் நான் பாதை ஓடுவதை விட்ட பிறகு, அமைப்பு ஓட்டோ ஒன்றில் சின்னப் பெட்டி கட்டி அதே வேலையைச் செய்கிறது. மேளம் முதலில், பேச்சுப் பிறகு. பக்கத்து ஊர்களும் பிடித்துக்கொண்டன. தவில் அடி கேட்டால் இப்போது பிறந்த பிள்ளைக்கும் தண்ணீர் என்று தெரியும்.

இனி நடந்ததைக் கேளுங்கள். போன போகத்துக்கு முன் புதுத் துருசு கட்டித் திறந்தார்கள். கல் நட்டார்கள், கல்லில் பெயர்கள். மேடையில் பேசிய இப்போதைய தலைவர், மேளம் முழங்கத் தண்ணீரை அறிவிப்பது எங்கள் முன்னோர் காலந்தொட்டு வருகிற மரபு என்றார். சனம் கை தட்டியது. நான் கதிரையிலிருந்து எழும்பினேன். பக்கத்திலிருந்தவர், “ஐயா, இருங்கோ, விழா முடியட்டும்” என்று கையைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பக்கத்தில் அக்கா இருந்தா. காது இப்போது அவ்வளவு கேட்காது. என்னவாம் என்று கேட்டா. சொன்னேன். “முன்னோரோ? எந்த முன்னோர், நீயோ?” என்றா. முன் வரிசைவரை கேட்டது. மேடையில் இருந்தவர் கேட்காத மாதிரி இருந்தார்.

நான் அந்த இரவிலிருந்து இருப்புக்கொள்ளாமல் இருக்கிறேன். முன்னோர் காலத்தில் பிக்கப் இருக்கவில்லை. முன்னோருக்கு ஓல்டனேற்றர் பூட்டத் தெரியாது. முன்னோர் தங்கள் கட்டில் காலை அறுக்கவில்லை. தண்ணீர் வருகிறது என்று சொன்ன குரலுக்குச் சனம் பை தூக்கிய ஊரில், அதே சனத்தை மண்வெட்டி தூக்க வைத்தது மரபு இல்லை. ஒரு ஆள் செய்தது. ஹோர்னும் பெட்டியும் தந்தவர் எருக்கலம்பிட்டி நானா, அவரையும் போடுங்கோ. மடையில் நின்றவர்கள் கடைவாய்க்கால் சனம், அவர்களையும் போடுங்கோ. அந்தக் கல்லில் கீழ்ப்பக்கம் இன்னும் இடம் இருக்கிறது, நான் போய்க் கையால் அளந்து பார்த்தேன். வாய்க்காலுக்கு மேளம் கொண்டுவந்தது இன்ன ஆள், இன்ன பிக்கப்பில் என்று ஒரு வரி வெட்டவேண்டும். வெட்டுகிற கூலியை நான் தருகிறேன். ஆனால் அமைப்புத்தான் வெட்டவேண்டும், அடுத்த முறை துருசு திறக்க முன்னம் வெட்டவேண்டும்.